ஹடில் பார்க் கோல்ஃப் கோர்ஸ்: 14 பேர் குரூப்பா போலாமா?

கடலோரக்குமார் கேட்டது:

வணக்கம் மக்களே, ஜோபர்க் (தென்னாப்பிரிக்கா ஜோஹன்னஸ்பர்க்) ஆளுங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. நாங்க டர்பன்ல உம்லாங்கா பக்கம் இருக்கோம். செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே லீவோட ரெண்டு நாள் சேர்த்துப் போட்டு அங்க வர்றதா பிளான். மொத்தம் 14 பேர், ஒரு மினிபஸ். அதுல நாலு பேர்தான் கோல்ஃப் ஆடுவோம், ‘ஆடுவோம்’னு சொல்றதே கொஞ்சம் ஓவர்தான், ரேஞ்சுல ஒரு பக்கெட் பந்து வாங்கி அடிச்சுப் பழகினதோட சரி, முழுசா 18 ஹோல் முடிச்சது என் வாழ்க்கைல மூணே தடவை. மீதி எங்க வீட்டம்மாங்க மூணு பேரு, ஆறு வாண்டுங்க, அப்புறம் என் மாமியார்.

லிங்க்ஸ்ஃபீல்ட்ல ஹடில் பார்க்னு ஒரு பழைய முனிசிபல் கோர்ஸ், பாழாக் கிடந்தத மறுபடி எடுத்து கட்டிருக்காங்க, யார் வேணா போலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். எனக்கு ஆசைதான், ஆனா பயமும் இருக்கு. ஏன்னா போன வருஷம் வேற ஊர்ல ஒரு கிளப்புக்கு இப்படித்தான் கும்பலா போய் நின்னோம், ரிசப்ஷன்ல ஹேண்டிகேப் கார்டு (ஆடறவன் தரத்தக் காட்டற அட்டை) எங்க, மெம்பர் யாரு உங்ககூடன்னு கேட்டு, கடைசில பசங்க ஷூவ குனிஞ்சு பார்த்துட்டு “இன்னொரு நாள் வாங்க”ன்னு அனுப்பிட்டாங்க, வெயில்ல பஸ்ஸுக்குள்ள புளியோதரை சாப்ட்டுட்டு திரும்பினதுதான் மிச்சம். மாமியார் இன்னும் அத சொல்லிக் காட்டுவாங்க.

அதனால கேக்குறேன், அங்க இப்படி கேள்வி வருமா, ஆடாதவங்களுக்கு அரை நாள் போகுமா, எங்கள மாதிரி அரைகுறைங்க 18 ஹோல் ஆடலாமா இல்ல பின்னாடி வர்றவன் திட்டுவானா, சாப்பாடு எப்படி, எங்க வீட்ல யாரும் மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

*

சனிக்கிழமை ஸ்லைஸ்:

தம்பி, தாராளமா வாங்க. நான் ஈடன்வேல்ல இருக்கேன், என்3 ஹைவேல லிங்க்ஸ்ஃபீல்ட் ரோடு எக்ஸிட் எடுத்தீங்கன்னா அப்படியே பக்கம்தான், நீங்க டர்பன்ல இருந்து வர்ற அதே என்3, ஊருக்குள்ள எங்கயும் சுத்த வேணாம்.

இடத்தப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். அது சிட்டியோட நிலம். ஒரு காலத்துல மூணு 18 ஹோல் கோர்ஸ் இருந்துச்சு அங்க, மொத்தம் 54 ஹோல், யோசிச்சுப் பாருங்க, பக்கத்துலயே ராயல் ஜோஹன்னஸ்பர்க் கிளப் இருக்கு, அங்க மெம்பர் ஆக முடியாத ஆளுங்க இங்க டிக்கெட் வாங்கி ஆடின இடம். அப்புறம் பராமரிப்பு விட்டுப்போச்சு, புல்லும் புதரும் மண்டிப்போச்சு, நிலத்த டெவலப்பர்கிட்ட குடுத்து வீடு கட்டிடலாம்னு பேச்சு வந்துச்சு, சுத்துப்பட்டு ஜனங்க விடல, பெரிய சண்டை. கடைசில நிலம் சிட்டியோடதாவே இருக்கட்டும், நடத்துறத குத்தகைக்கு விடலாம்னு முடிவாகி ஒரு கோர்ஸ மீட்டு எடுத்தாங்க. மீதி இடத்துல சைக்கிள் டிரெயில், ஓடுற பாதை, பசங்க மரத்து மரம் கயித்துல தாவுற விளையாட்டு எல்லாம் இருக்கு. அதனால உங்க ஆறு வாண்டுங்களுக்கும் கவலையே இல்ல.

ஹேண்டிகேப் கேள்வி பப்ளிக் கோர்ஸ்ல வராது. ஆனா ஒண்ணு, கோல்ஃப் ஆர்எஸ்ஏல, அதான் இந்த நாட்டு கோல்ஃப் அமைப்புல, பதிவு பண்ணாத ஆளுக்கு ரேட் கொஞ்சம் கூட இருக்கும், இங்க எந்த கோர்ஸ் போனாலும் அப்படித்தான், அங்க போய் கவுன்ட்டர்ல சண்டை போடாதீங்க. காலர் வெச்ச சட்டை போடுங்க, ஜீன்ஸ் வேணாம், ஷூவுக்கு அடில மெட்டல் ஸ்பைக் வேணாம். இது பந்தாவுக்காகச் சொல்லல, உள்ள நுழையறப்பவே யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுல்ல, அதுக்குத்தான்.

முக்கியமான விஷயம். நீங்க வர்றது செப்டம்பர் கடைசி. அந்த நேரத்துலதான் ஹைவெல்ட்ல (இந்த மேட்டு நிலத்துல) நிறைய கோர்ஸ்ல கிரீன்ல, அதான் குழியச் சுத்தி இருக்கற வழுவழுப்பான புல்தரைல, ஓட்டை போடுவாங்க, ஹாலோ டைனிங்னு சொல்றது, விரல் தண்டி ஓட்டையா வரிசையா போட்டு மண்ண உருவி எடுத்துட்டு மேல மணல் கொட்டி விடுவாங்க, வேருக்கு காத்து போகணும்னு. நல்ல காரியம்தான், ஆனா அந்த வாரம் நீங்க போனீங்கன்னா பட் பண்ற, அதான் குழிக்குத் தட்டி விடற, பந்து பொங்கல் பானைல அரிசி குதிக்கிற மாதிரி குதிச்சுக்கிட்டே போகும். போன் பண்ணி புக் பண்றப்ப “கிரீன் எந்த வாரம் ஹாலோ டைன் பண்றீங்க”ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா போதும், இவங்களுக்கு விஷயம் தெரியும்னு அவங்களும் மரியாதையா பேசுவாங்க.

அப்புறம் நீங்க கடல் மட்டத்து ஆளுங்க. இங்க சுமார் 1,600 மீட்டர் உயரம். காத்து லேசு, பந்து சுமார் 10 சதவீதம் கூட பறக்கும். டர்பன்ல 7 அயர்ன் மட்டைல 130 மீட்டர் போகுதுன்னா இங்க 143 போகும், கிரீனத் தாண்டி பின்னாடி விழுந்துட்டு “நான் இவ்ளோ நல்லா அடிப்பேனா”ன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பீங்க. எல்லா ஷாட்டுக்கும் ஒரு கிளப் குறைச்சு, அதாவது தூரம் கம்மியா போற மட்டையா எடுங்க. இன்னொண்ணு, ஃபேர்வே, அதான் கிரீன் வரைக்கும் வெட்டி விட்ட புல்வெளி, கிக்குயு புல்லு, கென்யால இருந்து வந்த ஜாதி, பாய் மாதிரி பின்னிக்கிட்டு படரும். ஓரத்துல அதுக்குள்ள பந்து உக்காந்துடுச்சுன்னா மெல்லத் தட்டி வெளிய எடுங்க, வீரத்தைக் காட்டினா மணிக்கட்டு போயிடும்.

நாலு பேரும் அரைகுறைன்னா தனித்தனியா ஆடாதீங்க. நாலு பேரும் அடிங்க, எது நல்லா விழுந்திருக்கோ அங்க இருந்து நாலு பேரும் மறுபடி அடிங்க, ஸ்கிராம்பிள். வேகமா போகும், யாருக்கும் அவமானம் இல்ல. தனியாத்தான் ஆடுவேன்னு அடம் பிடிச்சா ஸ்டேபிள்ஃபோர்ட் பாயின்ட் வெச்சுக்கங்க, பார் அடிச்சா, அதாவது அந்தக் குழிக்குன்னு வெச்ச அடி எண்ணிக்கைல முடிச்சா, 2, ஒண்ணு கூடிப்போனா 1, ரெண்டு கூடிப்போனா சைபர், சைபர் ஆனதும் பந்தப் பொறுக்கிப் பாக்கெட்ல போட்டுட்டு நடையக் கட்டுங்க. பின்னாடி வர்றவன் திட்டுறது மோசமா ஆடுறதுக்கு இல்ல, லேட் பண்றதுக்குத்தான்.

காலைல சீக்கிரமா போயிடுங்க. அக்டோபர்ல இருந்து மதியத்துக்கு மேல இடிமின்னல் மழை, சில வருஷம் செப்டம்பர் கடைசியிலயே ஆரம்பிச்சிடும். சைரன் ஊதினா ஸ்கோர் எல்லாம் பாக்காம ஓடி வந்துடணும், கைல இரும்புக் கம்பி வெச்சுக்கிட்டு மரத்தடில நிக்கிறவன என்னன்னு சொல்றது.

*

பெட்ஃபோர்ட்வியூ மீனா:

அண்ணா நான் கோல்ஃப் ஆடாத கட்சி, அதனால மத்த பத்து பேருக்காக நான் பேசறேன். எங்க வீட்டுக்காரர் இழுத்துட்டுப் போய் நாலஞ்சு தடவை போயிருக்கேன். மரமும் நிழலும் ஓடையுமா நல்லாருக்கும், ஹடேடா பறவை நீள மூக்க மண்ணுக்குள்ள விட்டு புழுவ உருவுறத அரை மணி நேரம் பாத்துட்டே உக்காந்திருப்பான் என் சின்னவன். கினிக்கோழி குடும்பம் குடும்பமா குறுக்க போகும். உங்க மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் காபி, ஒரு தொப்பி. தொப்பி மட்டும் மறந்துடாதீங்க, இந்த உயரத்துல வெயில் சுடற மாதிரியே தெரியாது, சாயங்காலம் கண்ணாடியப் பாத்தாத்தான் தெரியும். ஆடறவங்க கூடவே ஃபேர்வேல நடந்து வர்றேன்னு சொன்னாங்கன்னா முன்கூட்டியே கேட்டுக்கங்க, பந்து எந்தப் பக்கம் இருந்து வரும்னு தெரியாத ஆளுங்க நடுவுல நிக்கக் கூடாது.

சாப்பாடு: ஒன்பது ஹோல் முடிஞ்சதும் ஹாஃப்வே ஹவுஸ்னு நிறுத்துவாங்க, இது இந்த நாட்டு வழக்கம், வெளிநாட்ல ஆடறவங்க இதக் கேட்டு சிரிப்பாங்களாம், ஆட்டத்துக்கு நடுவுல டிபனான்னு. அங்க போர்வோர்ஸ் (சாசேஜ்) ரோல் வாங்காதீங்க, அதுல மாட்டுக்கறி கலந்திருக்கும். ஸ்டீக் பையும் வேணாம், சிக்கன்னு பேர் போட்ட பை கூட ஒரே தட்டுலதான் இருக்கும், கேட்டு வாங்குங்க. சிக்கன் மேயோ டோஸ்ட் இல்லன்னா சீஸ் தக்காளி டோஸ்ட் சேஃப்.

வீட்டு சாப்பாடு உள்ள கொண்டு போறத பத்தி புக் பண்றப்பவே கேட்டுடுங்க, இல்லன்னா மறுபடி பஸ்ஸுக்குள்ள புளியோதரை கதைதான் 😄

*

லெனேசியா லெமன்:

நம்ம ஜனங்களுக்கு இந்த பணக்கார விளையாட்டு எதுக்கு? எத்தனை குடும்பத்துக்கு வீடு கட்டலாம் அந்த நிலத்துல. தண்ணி கஷ்டத்துல புல்லுக்கு தண்ணி வேற. அந்த காசுக்கு ஃபோர்ட்ஸ்பர்க் வாங்க, வயிறு நிறைய பிரியாணி சாப்ட்டுட்டுப் போங்க.

*

சனிக்கிழமை ஸ்லைஸ்:

லெமன் சார், வித்திருந்தா அங்க ஏழைக்கு வீடு வந்திருக்கும்னா நினைக்கிறீங்க? லிங்க்ஸ்ஃபீல்ட்ல? பூம் கேட் போட்ட டவுன்ஹவுஸ் வந்திருக்கும், நீங்களும் நானும் உள்ள எட்டிக்கூடப் பாக்க முடியாது. தண்ணி விஷயம் நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். பிரியாணியும் ஒத்துக்கறேன்.

*

கூழ்த்தாத்தா பேரன்:

நான் டர்பன் பிறப்பு, நாலாவது தலைமுறை. தமிழ் பேச்சு வீட்ல தாத்தாவோட போச்சு, எழுத்து கோயில் வகுப்புல படிச்சது, பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

‘யார் வேணா போலாம்’னு குமார் எழுதினாரு. அந்த ஒரு வரியில நான் நின்னுட்டேன். முனிசிபல் கோர்ஸ், பப்ளிக் கோர்ஸ்னு அந்த நாள்ல போர்டு போட்டிருந்தா அது வெள்ளைக்காரங்களுக்கு பப்ளிக். 1953-ல அதுக்கு தனிச் சட்டமே வந்துச்சு, பார்க்கு, பெஞ்சு, பீச்சு, எல்லாம் தனித்தனி, அது போனது 1990-ல. நம்ம ஆளு கோர்ஸுக்குள்ள போகலாம், அடுத்தவன் பைய தோள்ல மாட்டிக்கிட்டு. எங்க தாத்தா அப்படிப் போனவரு. டர்பன்ல ஒரு கிளப்புல பத்து வயசுல கேடி, அதான் ஆடறவங்க பைய தூக்கற பையன். வெறும் கால். திங்கக்கிழமை ஆளு இல்லாதப்ப வேலிக்கு அந்தப் பக்கம் பசங்களா சேர்ந்து ஆடுவாங்களாம். கையில கோல்ஃப் மட்டை கிடையாது, சிரிங்கா மரத்துக் கிளை, தாத்தா அத மலைவேம்புன்னுதான் சொல்வாரு, அடி வளைஞ்ச கிளையா பாத்து வெட்டி, கண்ணாடிச் சில்லால சீவி சீவி. ஒரு துண்டு எங்க வீட்ல ரொம்ப நாள் இருந்துச்சு. ஆயா அதுலதான் துணி துவைக்கிற டிரம்முல துணியக் கிண்டுவாங்க.

பப்வா சேவ்கோலம் பேரு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. அவரும் டர்பன் கேடிதான், பீச்வுட் கோர்ஸ்ல, இந்திக்காரங்க வீட்டுப் பையன், பள்ளிக்கூடம் போகல. கையை மாத்திப் பிடிப்பாரு. வலது கைக்காரன் எல்லாரும் இடது கைய மேல வெச்சு வலது கைய கீழ வெப்பான், இவரு வலது மேல, இடது கீழ. யாரும் கத்துக்குடுக்கல, திருத்தவும் இல்ல. கிரஹாம் வுல்ஃப்னு ஒருத்தர், ஆயில் ஆஃப் ஓலே முகக்கிரீம் கண்டுபிடிச்ச ஆளு, அவருகிட்ட பப்வா வேலை பார்த்தாரு, அவருதான் ஐரோப்பாவுக்கு கூட்டிட்டுப் போனது. 1959-ல டச்சு ஓபன் ஜெயிச்சாரு. 1960-ல மறுபடி. 1964-ல மறுபடி. உள்ளூர்ல வெள்ளைக்காரங்க போட்டியில ஆட சர்க்கார்கிட்ட அனுமதி வாங்கணும். 1963-ல டர்பன் கன்ட்ரி கிளப்புல நடால் ஓபன் ஜெயிச்சாரு. மழை. தோத்தவங்க கிளப்ஹவுசுக்குள்ள, ஜெயிச்சவரு வெளிய. ஜன்னல் வழியா கோப்பையக் குடுத்தாங்கன்னு ஊர்ல சொல்வாங்க, தாத்தாவும் அப்படித்தான் சொன்னாரு. ஜன்னலோ இல்லையோ, வெளிய மழையில நின்னு வாங்கினது உண்மை, அந்தப் படம் உலகம் பூரா போச்சு. 1965-ல அதே நடால் ஓபன்ல கேரி பிளேயரத் தோக்கடிச்சாரு, அந்த கேரி பிளேயர் அதே வருஷம்தான் யூ.எஸ். ஓபன் ஜெயிச்சு நாலு மேஜர் (பெரிய) போட்டியும் ஜெயிச்சு முடிச்சாரு. அதுக்கப்புறம் பப்வாவுக்கு அனுமதி நின்னுபோச்சு. 1978-ல போயிட்டாரு, அம்பது வயசுகூட ஆகல. ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் உம்கேனி ஆத்தோரமா இருக்கற முனிசிபல் கோர்ஸுக்கு அவரு பேருதான் வெச்சிருக்காங்க.

எங்க தாத்தா 1963-ல அந்த கிளப்பு வேலிக்கு வெளிய நின்னாருன்னு சொல்வாரு. நின்னாரா இல்லையான்னு இப்ப யாரக் கேக்கறது, எங்க ஊர்ல அந்த வயசுக்காரங்க எல்லாரும் அன்னிக்கு அங்க நின்னதாத்தான் சொல்வாங்க.

குமார், இன்னொரு விஷயம். நீங்க போற லிங்க்ஸ்ஃபீல்ட் மேட்டு மேல கல்லன்பாக் டிரைவ்னு ஒரு ரோடு இருக்கு. யாருன்னு பசங்க கேட்டா சொல்லுங்க, ஹெர்மன் கல்லன்பாக், கட்டடக் கலைஞர், காந்தியோட சிநேகிதர், 1910-ல சத்தியாகிரகக் குடும்பங்க தங்கறதுக்கு டால்ஸ்டாய் பண்ணைய குடுத்தவரு. அங்க தமிழ்க் குடும்பங்க நிறைய இருந்தாங்க. நேரம் இருந்தா பிராம்ஃபோன்டெய்ன் கல்லறைத் தோட்டமும் போங்க, தில்லையாடி வள்ளியம்மை அங்கதான் இருக்கு, ஜோபர்க்ல பிறந்த பொண்ணு, ஜெயிலுக்குப் போய் வந்து 1914 பிப்ரவரி 22-ல செத்துப்போச்சு, 16 வயசு. கோர்ஸுல இருந்து வண்டியில ரொம்ப தூரம் இல்ல.

*

பெட்ஃபோர்ட்வியூ மீனா:

பத்து வருஷமா அந்த கல்லன்பாக் டிரைவ்ல பசங்கள ஸ்கூலுக்கு விடறேன், இப்பதான் தெரியும் எனக்கு.

*

கடலோரக்குமார் (போய்ட்டு வந்து):

எல்லாருக்கும் நன்றி, நேத்து நைட்டுதான் வீடு வந்து சேர்ந்தோம். வான் ரீனன் கணவாய்ல ரெண்டு லாரி மாட்டி ரெண்டு மணி நேரம் நின்னோம், அது இல்லாம என்3 பயணம் உண்டா.

ஸ்லைஸ் அண்ணன் சொன்ன மாதிரி போன்ல ஹாலோ டைன் கேட்டேன், எதிர்ல பேசினவர் குரலே மாறிடுச்சு, அடுத்த வாரம்தான் சார், நீங்க வர்றப்ப கிரீன் நல்லா இருக்கும்னார். ஹேண்டிகேப் யாரும் கேக்கல. ஷூவ யாரும் பாக்கல. மாமியார் அதுக்காகவே கொஞ்ச நேரம் கவுன்ட்டர்கிட்டயே நின்னு பாத்தாங்க, கேக்கறானா கேக்கறானான்னு, கேக்காததுல அவங்களுக்கு கொஞ்சம் ஏமாத்தம்னே நினைக்கிறேன்.

ஸ்கிராம்பிள்தான் ஆடினோம். முதல் ஹோல்லயே நண்பன் ஒருத்தன் ஒரு கிளப் குறைச்சு எடுன்னு சொன்னதக் கேக்காம வழக்கமா எடுக்கறத எடுத்து கிரீனத் தாண்டி புதருக்குள்ள அனுப்பினான், அனுப்பிட்டு சந்தோஷத்துல கைதட்டினான். புல்லு இன்னும் முழுசா பச்சை ஆகல, வைக்கோல் நிறம், நடுவுல நடுவுல பச்சை கிளம்புது. தரை கெட்டியா இருந்ததால மோசமா அடிச்ச பந்துகூட உருண்டு உருண்டு போச்சு, எங்களுக்கு அது தோதா போச்சு. 18 ஹோல் முடிக்கல, 13-வதுல பசங்க மரத்துக் கயிறுல இருந்து இறங்கிட்டாங்கன்னு போன் வந்துச்சு, உண்மையச் சொன்னா எங்களுக்கும் கால் போச்சு.

ஹாஃப்வே ஹவுஸ்ல மீனா அக்கா சொன்ன டோஸ்ட். புளியோதரை பத்தி கேட்டேன், உள்ள வேணாம், கார் பார்க்கிங் பக்கத்து நிழல்ல சாப்பிடுங்கன்னாங்க. ஆக மறுபடி பஸ் ஓரத்துலதான், ஆனா இந்தத் தடவை நாங்களா போய் உக்காந்தோம்.

பேரன் ஐயா எழுதினத நான் பஸ்ல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டிருந்தேன். பிராக்டிஸ் கிரீன்ல நாங்க நாலு பேரும் அந்த மாத்துப்பிடி பிடிச்சுப் பாத்தோம், மணிக்கட்டு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முறைச்சுக்குது, பத்து பந்துல ஒண்ணுகூட நேரா போகல. அப்புறம் என் வீட்டம்மா, வாழ்க்கைல பட்டர் மட்டைய (கிரீன்ல தட்டறது) தொட்டது கிடையாது, சும்மா குடுங்கன்னு வாங்கி குனிஞ்சு நின்னுச்சு. பக்கத்துல போய் “கை மாத்திப் பிடிச்சிருக்க, இடது மேல வரணும்”னு விரலப் பிரிச்சு திருத்தி வெச்சேன். வெச்சப்புறம்தான் உறைச்சது. நிமிர்ந்து பாத்தா நண்பனுங்க மூணு பேரும் என்னையே பாத்துட்டு நிக்கறானுங்க. வீட்டம்மா ஒண்ணும் சொல்லாம கைய பழையபடி மாத்திக்கிச்சு, தட்டிச்சு, உள்ள போகல, ஆனா ஓட்டைக்கு ஒரு சாண் பக்கத்துல போய் நின்னுச்சு.

வள்ளியம்மை கல்லறைக்கு மறுநாள் காலைல போனோம். 1914 ஜூலைல காந்தி வந்து திறந்து வெச்ச இடம்னு அங்க போறதுக்கு முன்னாடி படிச்சேன். என் பொண்ணுக்கு 15 வயசு, என்ன செஞ்சதுக்கு ஜெயில்ல போட்டாங்கன்னு கேட்டா, மூணு பவுண்டு வரி, நம்ம கல்யாணம் செல்லாதுன்னு சொன்ன கோர்ட்டு, டிரான்ஸ்வால்ல (ஜோபர்க் இருந்த பழைய மாகாணம்) இருந்து எல்லை தாண்டி நடாலுக்குள்ள (நம்ம டர்பன் பக்கம்) போனதுன்னு தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். மாமியார் ஃபிளாஸ்க்ல மிச்சம் இருந்த தண்ணிய அங்க இருந்த செடிக்கு ஊத்தினாங்க.

கணக்கு: நாங்க தொலைச்ச பந்து 23. வாண்டுங்க ஓடைக் கரைல பொறுக்கினது 31. அதுல ரெண்டு எங்களோடதே.

*

சனிக்கிழமை ஸ்லைஸ்:

அந்த 31-ல மஞ்ச கலர் பந்து, கருப்பு மார்க்கர்ல ரெண்டு புள்ளி வெச்சது இருந்தா அது என்னுது தம்பி.